மணிக்கு மூன்று கால் போதுமா?



போன இதழில் வெயில் காலத்தில் வீட்டுப் பிராணிகளைக் காப்பாற்றுவது எப்படி என்று எழுதியிருந்தேன். இந்த இதழில் பூனையின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதாக எண்ணம். ஆனால் போன வாரம் நடந்த ஒரு விஷயம் அதைத் தள்ளிப்போட வைத்துவிட்டது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கீழ் வீட்டுப் பெண் மெல்லப் படியேறி வந்து எதிரே உட்கார்ந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்னம்மா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா?"

"அவனுக்கு ஒண்ணுமில்லை பெரியம்மா. மணி விஷயம்தான்."

மணி அவர்கள் வீட்டு நாய். ஐந்து வயது நாட்டு நாய். ஒரு மாதத்துக்கு முன்னால் தெருவைக் கடக்கும்போது லாரிச் சக்கரம் அதன் முன்னங்காலில் ஏறிவிட்டது. முழங்கைக்கு மேலேயே எலும்பு நொறுங்கிவிட்டது. காலைத் தோளோடு எடுத்தால்தான் உயிர் பிழைக்கும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்காரர் வெளியூரில். யாரைக் கேட்பது? இவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மணி பிழைத்துக்கொண்டது. இப்போது மூன்று காலில் தத்தித் தத்தி வாசல் வரை வருகிறது.

"நேத்து இவனோட சிநேகிதன் யாரோ ஒரு வீடியோ காட்டினானாம். வெளிநாட்டிலே ஒரு நாய் பொய்க்கால் கட்டிக்கிட்டு ஓடுதாம். வீட்டுக்கு வந்து, 'நீ ஏம்மா முழுக்காலையும் வெட்டச் சொன்னே? கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தா மணிக்கும் கால் போட்டிருக்கலாமே'ன்னு கேக்கறான். ராத்திரி சாப்பிடவும் இல்லை, என்கிட்டே பேசவும் இல்லை. நான் அவசரப்பட்டுட்டேனா பெரியம்மா?"

எட்டு வயதுப் பையனின் கேள்வி. தாயின் மனசு எப்படி வலித்திருக்கும்! ஆறுதலுக்காக ஏதோ ஒன்றைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. தெரிந்த கால்நடை டாக்டரிடம் பேசினேன். படித்தவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். நாய், பூனை வளர்க்கும் எந்த வீட்டிலும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழலாம் அல்லவா?

ஒரு குட்டி யானையின் கதை

முதலில் அந்தப் பையனுக்குச் சொன்ன கதை. தாய்லாந்தின் வடக்கே லம்பாங் என்ற ஊரில் யானைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. 1993-இல் ஆரம்பித்தது. 1999-இல் அங்கே மோட்டலா என்ற பெண் யானையைக் கொண்டுவந்தார்கள். மியான்மர் எல்லைப் பக்கம் காட்டில் மேயப் போன இடத்தில் கண்ணிவெடியை மிதித்து முன்னங்காலின் அடிப்பாகத்தை இழந்திருந்தது. மனிதர்கள் சண்டைக்காகப் புதைத்த வெடி. யானைக்கு அதெல்லாம் தெரியுமா?

2006-இல் மோஷா என்ற இன்னொரு யானையும் அதே போலக் கண்ணிவெடிக்குக் காலைக் கொடுத்துவிட்டது. அது ஏழே மாதக் குட்டி!

அந்த ஆஸ்பத்திரிக்குப் போன தெர்ட்சாய் ஜிவாகேட் என்ற எலும்பு மருத்துவர் குட்டி மோஷா மூன்று காலில் தடுமாறுவதைப் பார்த்தார். அவர் மிருக டாக்டர் அல்ல, மனிதர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். ஏழைகளுக்கு இலவசமாகச் செயற்கைக் கால் கொடுக்கும் அமைப்பை 1992-லேயே தொடங்கியவர். வெளிநாட்டுச் சாமான்களின் விலை கட்டுப்படியாகாது என்று, குடித்துவிட்டுத் தூக்கிப் போடும் தயிர்பானப் புட்டிகளின் பிளாஸ்டிக்கை உருக்கிக் காலுக்குப் பயன்படுத்தியவர். அந்தச் சேவைக்காக 2008-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மனிதனுக்குச் செய்கிறோமே, இந்தக் குழந்தைக்கு ஏன் செய்யக் கூடாது என்று அவர் முயன்றதில்தான் மோஷாவுக்குக் கால் கிடைத்தது. செயற்கைக் கால் பொருத்திக்கொண்ட உலகின் முதல் யானை மோஷாதான். மோட்டலா சில ஆண்டுகள் தற்காலிகக் காலோடு பழகியது. 2009-இல் அதற்கும் நிரந்தரமான கால் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். யானைக்கு இவ்வளவு பாடுபட்டார்களே, மூன்று காலோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மோஷாவுக்கு அந்தச் சமயத்தில் எடை சுமார் 600 கிலோ. 2016-இல் அது 2,000 கிலோவைத் தாண்டிவிட்டது. அத்தனை பாரத்தையும் மூன்று கால்கள் சுமந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். முதுகெலும்பு வளையும். நல்ல கால்களும் தேய்ந்து கெடும். ஆகவே யானைக்குச் செயற்கைக் கால் என்பது உயிருக்கான ஆதாரம். அதுவும் ஒரு தடவை செய்து கொடுத்தால் முடிந்ததா? குட்டி வளர வளரப் பழைய கால் போதாமல் போனது. 2016-க்குள் மோஷாவுக்கு ஒன்பதாவது கால் செய்ய வேண்டியிருந்தது. குழந்தைக்கு வருஷா வருஷம் செருப்பு வாங்குகிறோமே, அந்த மாதிரிதான்.

நாயின் கணக்கு வேறு

"அப்போ மணிக்கு?" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி!

நாயின் உடம்புப் பாரத்தில் நூற்றுக்குச் சுமார் 60 பங்கை முன்னங்கால்களே தாங்குகின்றன. அதனால் பின்னங்கால் போன நாயைவிட முன்னங்கால் போன நாய்க்குச் சிரமம் கொஞ்சம் அதிகம். ஆனாலும் மணியைப் போல நடுத்தர உடம்புள்ள நாய்களில் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் மூன்று காலில் நடக்க, ஓடக் கற்றுக்கொண்டுவிடுகின்றன. நமக்குக் கால் போனால் பாதி துணை போன மாதிரி. நாய்க்கு மிச்சம் மூன்று இருக்கிறதே!

"ஏன் டாக்டர்கள் தோளோடு எடுக்கிறார்கள்?" என்று நானும் டாக்டரிடம் கேட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. பாதிக் கால் தொங்கிக்கொண்டிருந்தால் நாய் பழக்க தோஷத்தில் அதை ஊன்றப் பார்க்கும். தரையில் இடித்து இடித்துப் புண்ணாகும். புண் ஆறாமல் சீழ் பிடிக்கும். செயற்கைக் கால் போடப் போவதில்லை என்றால் முழுவதுமாக எடுத்துவிடுவதுதான் நாய்க்குச் சுகம் என்பது வெகுகாலமாக உள்ள முறை.

செயற்கைக் கால் போட வேண்டுமானால் அதை மாட்டப் பிடிப்பு வேண்டும். முன்னங்காலில் முழங்கைக்குக் கீழே ஓரளவு நீளமாவது நல்ல எலும்பும் தோலும் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த மீதிக் காலுக்கு அச்சு எடுத்து, அதற்குத் தகுந்தபடி உறை செய்து, உள்ளே மெத்தென்ற பட்டை வைத்து, கீழே பாதம் மாதிரி ஒன்றைப் பொருத்துகிறார்கள். மணிக்கு எங்கே நொறுங்கியது? முழங்கைக்கு மேலே. பிடிப்புக்கு அங்கே என்ன இருக்கிறது?

"நீ அவசரப்படலை, அம்மா. நொறுங்கின எலும்பை வச்சுக்கிட்டிருந்தா மணியே இருந்திருக்காது" என்றேன். பக்கத்தில் நின்ற பையன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தான்.

கத்தி வைப்பதற்கு முன்னால் கேளுங்கள்

மணியின் கதை அப்படி. ஆனால் எல்லா அடியும் ஒரே மாதிரி இராது. பாதம் மட்டும் நசுங்கியிருக்கலாம். விரல்கள் மட்டும் போயிருக்கலாம். அப்படிப்பட்ட சமயத்தில் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்டுப் பயனில்லை. எடுத்த எலும்பைத் திரும்ப வைக்க முடியாது. கேட்க வேண்டியவை இவை:

1. கெட்டுப்போன பாகம் எதுவரை? அதற்கு மேலே உள்ள எலும்பும் தோலும் நன்றாக இருக்கின்றனவா?

2. கொஞ்சம் மீதி வைத்தால் பிற்பாடு செயற்கைக் கால் மாட்ட முடியுமா? அதைச் செய்து கொடுப்பவர் நாம் போய்வரும் தூரத்தில் இருக்கிறாரா?

3. மற்ற மூன்று கால்களும், இடுப்பும் திடமா? நாய் மிகப் பெரியதா, குண்டா, வயதானதா, மூட்டு வாதம் உள்ளதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் மூன்று காலில் சமாளிப்பது கஷ்டம். அப்போது செயற்கைக் காலைப் பற்றி அவசியம் யோசிக்கலாம்.

4. காலே எடுக்காமல் தாங்கு பட்டையோடு பிழைக்க வைக்க முடியுமா? மணிக்கட்டிலோ, குதிகால் நரம்பிலோ பலவீனம் என்றால் காலைச் சுற்றி அணிவிக்கும் பட்டைகள் உண்டு. நாம் முட்டிவலிக்குப் போட்டுக்கொள்கிறோமே, அது போல.

இந்த நாலையும் கேட்டுவிட்டு முடிவு செய்தால், பின்னால் "அப்படிச் செய்திருக்கலாமோ" என்று மனம் அரிக்காது. உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். டாக்டர் சொல்வதைச் செய்யுங்கள்.

மாடு வளர்க்கும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மாட்டின் கணக்கு யானையின் கணக்குக்குக் கிட்டத்தட்ட வரும். மூன்று காலில் அதன் உடம்பைத் தாங்குவது கடினம். மனிதர்களுக்கான செயற்கைக் காலுக்குப் பேர்போன ஜெய்ப்பூரிலேயே தபேஷ் மாத்தூர் என்ற கால்நடை மருத்துவர் கால் இழந்த பசுக்களுக்கும் கன்றுகளுக்கும் செயற்கைக் கால் செய்து கொடுத்திருக்கிறார். அதற்கு 'கிருஷ்ணா லிம்ப்' என்று பெயர். கால் ஒடிந்த மாடு என்றால் கசாப்புக்குத்தான் என்று முடிவு கட்டிவிடாமல், டாக்டரிடம் விசாரித்துப் பாருங்கள்.

மாட்டிவிட்டால் முடிந்ததா?

வீடியோவில் நாய் ஓடுவது தெரிகிறது. அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் தினம் செய்கிற வேலை தெரிகிறதா? பெரும்பாலும் அந்த வேலை வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழும். ஆகையால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

புதுக் காலை முதல் நாளே நாள் பூராவும் போடக்கூடாது. கால் மணி, அரை மணி என்று ஆரம்பித்துச் சிறுகச் சிறுகக் கூட்ட வேண்டும். ராத்திரி கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் தோலைத் தடவிப் பாருங்கள். லேசாகச் சிவந்து அரை மணிக்குள் மறைந்தால் பயமில்லை. சிவப்பு மறையாமல் நின்றாலோ, மயிர் உதிர்ந்தாலோ, ஈரமாகக் கசிந்தாலோ செய்தவரிடம் கொண்டுபோய்ச் சரி செய்யும்வரை மறுபடி போடாதீர்கள். உள்பட்டையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்திய பிறகே மாட்ட வேண்டும். நம் ஊர் வியர்வைக்கும் புழுக்கத்துக்கும் இது ரொம்ப முக்கியம். நாய் இளைத்தாலும் பெருத்தாலும் அளவு மாறிவிடும்.

சில பிராணிகளுக்கு அதைக் கொஞ்ச நேரம் போட்டாலே போதும். அமெரிக்காவில் ஃபுளோரிடா கடலோரத்தில் 2005 டிசம்பரில் நண்டுப் பொறியின் கயிற்றில் சிக்கிய ஒரு டால்ஃபின் குட்டி தன் வாலை இழந்தது. அதற்கு விண்ட்டர் என்று பெயர் வைத்தார்கள். வால் இல்லாமல் அது மீன் மாதிரி பக்கவாட்டில் வளைந்து வளைந்து நீந்தப் பழகிக்கொண்டது. டால்ஃபின் மேலும் கீழுமாக வாலை அடித்து நீந்த வேண்டிய பிராணி. இப்படியே போனால் முதுகெலும்பு கெட்டுவிடும் என்று அதற்குச் செயற்கை வால் செய்தார்கள். அதன் மெல்லிய தோல் புண்ணாகாமல் இருக்க ஒரு மெத்தென்ற ஜெல் உறை தேவைப்பட்டது. டால்ஃபினுக்காகக் கண்டுபிடித்த அந்த உறை பிறகு கால் இழந்த மனிதர்களுக்கும் உதவியது! ஆனால் விண்ட்டர் அந்த வாலை நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. பழக்குபவர்கள் பக்கத்தில் இருக்க, தேகப்பயிற்சி மாதிரிக் கொஞ்ச நேரம் அணிந்தது. 2021 நவம்பரில் இறக்கும்வரை பல ஆண்டுகள் வாழ்ந்தது.

பூனை என்றால் மாட்டிய எதையும் உதறிவிட்டு ஓடும். இங்கிலாந்தில் ஒரு டாக்டர் வேறு வழி பார்த்தார். ஜெர்சி தீவில் 2009-இல் ஆஸ்கர் என்ற கறுப்புப் பூனையின் இரண்டு பின்பாதங்களையும் அறுவடை இயந்திரம் அறுத்துவிட்டது. நோயல் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அந்தக் கால்நடை டாக்டர் பூனையின் கணுக்கால் எலும்புக்குள்ளேயே உலோகத் தண்டைப் பதித்து, அதன் நுனியில் பாதத்தைப் பொருத்தினார். தண்டு வெளியே வரும் இடத்தில் தோல் அதைச் சுற்றி ஒட்டி வளர வேண்டும். இல்லாவிட்டால் கிருமி நுழையும். மானின் கொம்பு தோலைத் துளைத்துக்கொண்டு வந்தும் புண்ணாவதில்லையே, அந்த இயற்கைத் தந்திரத்தைப் பார்த்துத்தான் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானிகள் அந்தத் தண்டை வடிவமைத்திருந்தார்கள். அதிசயம்தான். ஆனால் இது பெரிய ஆபரேஷன். எல்லாப் பூனைக்கும் ஏற்றது என்று நினைத்துவிடக் கூடாது.

நாய்க்குட்டிக்குப் பல் கம்பியா?

காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது டாக்டர் பல்லைப் பற்றியும் ஒன்று சொன்னார். குட்டி வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. நாலு மாதம் ஆகும்போது விழ ஆரம்பித்து, ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். இந்தச் சமயத்தில் வாரம் ஒரு தடவை வாயைத் திறந்து பாருங்கள். சில குட்டிகளுக்குக் கீழ்க் கோரைப்பல் உள்பக்கமாகச் சாய்ந்து மேல் அண்ணத்தைக் குத்தும். வாயை மூடும்போதெல்லாம் ஆணி குத்துகிற மாதிரி வலி. பாவம், குட்டி சொல்லுமா? சாப்பாட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கும். தலையைத் தொட்டால் விலகும். பால் பல் விழாமல் நிற்க, அதன் பக்கத்திலேயே புதுப் பல் முளைத்தாலும் இப்படி ஆகும். அப்போது டாக்டர் அந்தப் பால் பல்லை எடுத்துவிடுவார்.

சாய்வு கொஞ்சம்தான் என்றால், சரியான அளவுள்ள மிருதுவான ரப்பர்ப் பந்தைக் கவ்வி விளையாடவிட்டே பல்லை வெளியே தள்ள வைப்பதும் உண்டு. பந்தின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதற்கு மசியாவிட்டால் மேல் பற்களில் அக்ரிலிக்கில் ஒரு சரிவுப் பலகை மாதிரி செய்து ஒட்டுவார்கள். வாயை மூடும்போதெல்லாம் கீழ்ப்பல் அதில் வழுக்கி, சில வாரங்களில் தன் இடத்துக்குப் போகும். அதுவரை மிருதுவான சாப்பாடு கொடுத்து, இடுக்கில் சேருவதை தினம் கழுவிவிட வேண்டும்.

இது வலி தீர்ப்பதற்கு மட்டும். அழகுக்காக நாயின் பல்லை வரிசைப்படுத்துவது நல்ல டாக்டர்கள் ஒத்துக்கொள்ளாத காரியம். பல் கோணலாக இருந்தும் வலியில்லாமல் சாப்பிடுகிறதா? விட்டுவிடுங்கள். நாய் கண்ணாடி பார்ப்பதில்லை!

காலுக்கும் இதே நியாயம்தான். கருவி எதுவானாலும் முதலில் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: இது அதன் வலியைக் குறைக்கவா, நம் கண்ணுக்குக் குறை தெரியாமல் இருக்கவா?

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

* வழவழப்பான தரையில் மூன்று கால் நாய் சறுக்கும். நடமாடும் இடத்தில் கோணி, பழைய ஜமுக்காளம், ரப்பர் விரிப்பு எதையாவது போடுங்கள். நகத்தை வளரவிடாதீர்கள்.

* எடை ஏறவிடாதீர்கள். "பாவம், கால் போச்சே" என்று பிஸ்கட்டும் நெய்ச் சோறும் ஊட்டினால் மிஞ்சிய மூன்று காலுக்கும் நாமே சத்துரு.

* பின்னங்கால் இரண்டும் செயலிழந்த நாய்க்குச் சக்கர வண்டி உண்டு. அதில் படுக்க முடியாது. கொஞ்ச நேரம் நடமாட விட்டு இறக்கிவிட வேண்டும்.

* பிளாஸ்டிக் குழாயை அறுத்து வீட்டிலேயே கால் செய்து கட்டாதீர்கள். அளவு பிசகினால் ஒரே நாளில் தோல் உரிந்து, மிச்சமிருக்கும் காலுக்கும் ஆபத்து.

* வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். ஒரு மாத்திரை உயிரைக் குடித்துவிடும். இபுபுரூஃபன் நாய்க்கும் ஆகாது.

* அடிபட்ட நாய் வலியில் வளர்த்தவரையே கடிக்கும். மூச்சு சீராக இருந்து வாந்தியும் இல்லையென்றால் துணியால் வாயை மெல்லக் கட்டி, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, பலகையில் வைத்துத் தூக்கிப் போங்கள்.

மறுநாள் சாயங்காலம் கீழே எட்டிப் பார்த்தேன். பையன் எங்கிருந்தோ நாலு பழைய கோணிகளைக் கொண்டுவந்து, வாசலிலிருந்து சமையலறை வரை வரிசையாக விரித்துக்கொண்டிருந்தான். அவன் அம்மா ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தாள். மணி அதன் மேல் ஒரு தடவை கூடச் சறுக்காமல் நடந்து போய், தன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"பெரியம்மா, மணிக்கு மூணு கால் போதும். நான்தான் நாலாவது" என்று கீழேயிருந்து கத்தினான் பயல்.

அடுத்த இதழில் பூனைச் சாப்பாட்டைப் பற்றிக் கட்டாயம் எழுதுகிறேன்.